சங்கிலி மாட்டாத கதவு

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது ஐயா. என் கடை நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். ஊரார் பூட்டையெல்லாம் சரிபண்ணுகிறவனுக்குத் தன் நாற்காலியைச் சரிபண்ண நேரமில்லை என்று தங்கை கிண்டல் செய்வாள்.

நீங்கள் பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். கதவு உடையவில்லை, பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, பிறகு எப்படி என் தங்கை வீட்டுக்குள் ஆட்கள் போனார்கள் என்று. நியாயமான கேள்விதான். அந்தப் பூட்டைப் போட்டவன் நான். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது கடன் வாங்கினேன். பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். சந்தைப் பக்கம் வட்டிக்கு விடுகிறவர்களிடம் போனேன். ஜாமீனுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தங்கைக்குத் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. "நீ கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனாண்ணா?" என்று படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். மனைவி பிழைக்கவில்லை. கடன் பிழைத்துக்கொண்டது.

வசூலுக்கு வருகிறவரைச் சந்தையில் சர்க்கரை என்பார்கள். அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் அரத்தை எடுத்து நகத்தை ராவிக்கொண்டே, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்பார். எதிர்க்கடைக்காரர் ஒருவர் அவரிடம் தவணை தவறினார். இப்போது அவர் இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறார். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தட்டை அப்படியே வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன் ஐயா. பயந்து பயந்து வாழ்வது ஒரு வாழ்க்கையா என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னால் கட்ட முடியாமல் போனதும், "ஜாமீன் போட்டவங்களைக் காட்டுங்கண்ணே, உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார். காட்டினேன். தங்கையின் சம்பளத்தில் பாதி அங்கே போயிற்று. எனக்கு மூச்சு விட முடிந்தது. நாளடைவில் அவளாலும் முடியவில்லை. அவள் வாசலில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகும்போது பின்னாலேயே நடந்தார்கள். ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பயமா இருக்குண்ணா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் சும்மா இருந்துவிடவில்லை. தள்ளி ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் வீடு பார்த்துக் கொடுத்தேன். சாமான்களை நானே சுமந்தேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய பூட்டைக் காசு வாங்காமல் மாட்டினேன். எங்கள் தொழிலில், பூட்டை மாட்டியதும் எல்லாச் சாவியையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவளே பார்த்து ஒன்றை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். "யாரு தட்டினாலும் திறக்காதே. நான் தட்ட மாட்டேன், சாவி போட்டுத்தான் வருவேன்" என்றேன். கதவின் உள்பக்கம் ஒரு சங்கிலி இருந்தது. "அதை மாட்டாதே. உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படிம்மா உள்ளே வர்றது?" என்றேன். தலையாட்டினாள். அன்று அதை நான் மனசாரத்தான் சொன்னேன்.

அவள் இருக்குமிடம் தெரியாமல் போனதும் சர்க்கரை திரும்ப என் ஸ்டூலுக்கே வந்தார். எனக்கும் தெரியாது என்றேன். "பரவால்லண்ணே" என்றார். தினமும் வந்தார்.

இதற்கிடையில் தங்கை, கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஓர் அம்மா உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாராம். அதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். என் கையெல்லாம் எண்ணெய். போனை ஸ்பீக்கரில் போட்டேன். எதிரில் சர்க்கரை உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நாம பயந்த மாதிரி இல்லண்ணா. அவங்க வீட்டுக்கு வந்து மிரட்டவே கூடாதாம். வாங்கினதுக்கு மேலயே நாம கட்டிட்டோமாம். திங்கக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் புகார் குடுத்தா, மிச்சத்தை அந்தம்மாவே பேசி முடிச்சுத் தர்றேன்னு சொல்றாங்க. வந்துடுவல்ல?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு இருந்தது. வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சர்க்கரை அரத்தைக் கீழே வைத்தார். "தங்கச்சி விவரமாத்தான் பேசுறாங்க. அட்ரஸ் மட்டும் சொல்லுங்கண்ணே. திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறோம்."

புகார் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அது வரைக்கும் நான் உயிரோடு இருக்க வேண்டுமே ஐயா. அவர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகவரியைச் சொன்னேன்.

அவர் கேட்டது முகவரி மட்டும்தான். சாவி கேட்கவில்லை. அதை நானாகத்தான் கொடுத்தேன். தட்டினால் அவள் திறக்க மாட்டாள். திறக்காவிட்டால் இவர்கள் கதவை உடைப்பார்கள். அது வாடகை வீடு, சொந்தக்காரர் அட்வான்சில் பிடித்துக்கொள்வார். அவளுக்கு வீண் செலவு. அதிலும் அவள் என்னை நம்பிக் கொடுத்த சாவியை நான் தொடவில்லை. அது இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது, பாருங்கள். அதை வைத்து இன்னொன்று வெட்டிக் கொடுத்தேன். கையில் குத்தாமல் இருக்க ஓரத்தை ராவியும் கொடுத்தேன்.

மறுநாள் நடந்ததைப் பக்கத்து வீட்டு அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். சாவி திரும்பிய சத்தம் கேட்டதும் என் தங்கை உள்ளேயிருந்து, "அண்ணாவா? வா, வா" என்றாளாம். சங்கிலி மாட்டியிருக்கவில்லை. நான் சொன்ன பேச்சை அவள் தட்டியதே கிடையாது. பிறகு ஏதோ விழுந்த சத்தம், பிறகு சமையலறை ஜன்னல். மூன்றாவது மாடி ஐயா. யாரும் தள்ளவில்லை, அவளாகவேதான் ஏறிக் குதித்தாள் என்று சர்க்கரை சொன்னார். அவருக்கும் வருத்தம்தான். கடனைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம் என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி ஐயா. நான் ஸ்டேஷனில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த அறைக் கதவில் உள்பக்கம் ஒன்றுமே இல்லை. தங்கை வீட்டில் போட்ட மாதிரி ஒரு பூட்டு வாங்கித் தந்தால் நானே மாட்டிக்கொள்வேன். அது நல்ல பூட்டு. வெளியாள் யாராலும் அதைத் திறக்க முடியாது.