மூலப்படத்தை அழிக்காத ஜெபசெல்வி அக்காவுக்கு

வலது மணிக்கட்டில் தைலம் மணக்க, கழுத்து இறுகித் திரும்ப மறுக்க, இருபத்தாறு ஆண்டுகள் குனிந்து உழைத்து இன்று பணி ஓய்வு பெற்று எங்கள் முன் நிமிர்ந்து அமர்ந்திருப்பவரே! தூத்துக்குடித் துறைமுகத் தொழிலாளரின் முகங்களை முகம் மாறாமல் காத்த முன்னவரே! மழையிலும் மில்லர்புரத்திலிருந்து மணி தவறாமல் வந்தவரே! எங்கள் ஜெபசெல்வி அக்கா அவர்களே, வணக்கம்.

சரக்கு ஏற்றி இறக்குவோருக்கு நுழைவுச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி நம்முடையது. சீட்டு இல்லாதவர் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது. தாண்டாதவர் வீட்டில் அன்று அடுப்பு எரிவது சந்தேகம். படத்தைப் பசை தடவி ஒட்டிய காலத்தில் நீங்கள் பணியில் சேர்ந்தீர்கள். பிறகு கணினி வந்தது. ஐம்பது கிலோபைட், அதாவது ஐம்பது கேபிக்கு மேல் ஒரு படத்தையும் ஏற்காத இணையதளமும் வந்தது. கேமரா தரும் படமோ அதைப்போல் நூறு மடங்கு.

நாங்கள் படத்தின் உயரத்தை மட்டும் பிடித்து அமுக்கினோம்; முகம் பூசணிக்காய் ஆனது. நீங்களோ வேண்டாத ஓரத்தை முதலில் வெட்டி, நீள அகல விகிதம் குலையாமல் பிறகே அளவைக் குறைத்தீர்கள். தரத்தை ஒவ்வொரு படி இறக்கும்போதும் படத்திலுள்ள கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். கருவிழி கலங்கினால் ஒரு படி திரும்ப ஏறினீர்கள். வெயிலில் கறுத்த முகத்தை வெளுக்கவைக்க யார் கேட்டும் மறுத்தீர்கள். கேமரா தந்த மூலப்படத்தின் மேல் ஒருநாளும் சேமித்ததில்லை. சின்னதைத் தனிப் பெயரில் வைத்தீர்கள். ஹார்ட் டிஸ்க் நிறைகிறது என்று மேலாளர் தங்கதுரை சார் கடிந்துகொண்டபோது, நீங்களே இன்னொன்று வாங்கி வந்தீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புது நுழைவு அட்டைக்குத் துறைமுகத்தில் பெரிய படம் கேட்டார்கள். நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், இந்த மடலை வாசிக்கும் சுந்தரராஜ் உங்கள் கணினியில் அமர்ந்தான். மூலப்படத்தைத் தேடச் சோம்பி, காசிலிங்கம் அண்ணாச்சியின் ஐம்பது கேபி படத்தையே இழுத்துப் பெரிதாக்கி அனுப்பினான். மூக்கும் கன்னமும் கட்டங்கட்டமாகக் கரைந்துபோயின. இது உன் முகம் இல்லை என்று காவலர் திருப்பி அனுப்ப, மூட்டை சுமக்கும் அவர் நான்கு நாள் வேலையின்றி வாசலில் நின்றார். விஷயம் தெரிந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்:

"ஏலே சுந்தரராஜ், சின்னதாக்கும்போது தூரப் போட்ட மூக்கு, இழுத்தா எங்கன இருந்துலே வரும்?"

பிறகு மூலப்படத்தை எடுத்துப் பத்தே நிமிடத்தில் சரியான படம் செய்தீர்கள். ஐந்தாம் நாள் காலை அண்ணாச்சி உள்ளே போனார்.

ஆனால் விசாரணை வந்தது. தவறான படம் உங்கள் கணினியிலிருந்து போனதாகப் பதிவு இருந்ததால், மெமோ உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. உண்மை தெரிந்த நாங்கள் ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. நீங்களும் யார் பெயரையும் சொல்லவில்லை. மறுநாளும் எங்களுக்கு டீ சொன்னீர்கள்.

மாண்புமிகு அக்கா! ஞாயிறு ஆராதனைக்கு அவசரமின்றி நடந்து போய், மதியம் வயிறார உண்டு, மனம் அமைதியாய் உறங்கி, நோய் அண்டாமல் நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்.

தங்கதுரை சார் முன்னிலையில் இதையும் சொல்லிவிடுகிறோம். அந்த மெமோ இன்றும் உங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. தவறு எங்களுடையது என்று எழுதி, ஐந்து பேரும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய கடிதத்தை இன்றுவரை கொடுக்கவில்லை. அந்தக் கடிதம் உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன்.

இப்படிக்கு,
நுழைவுச் சீட்டுப் பிரிவு ஊழியர்கள்
தூத்துக்குடி