இரண்டு மணிச் சீனி

இரவு ஒன்று நாற்பது. நிலாவெளி வீதியிலிருந்து சல்லிக்குத் திரும்பும் பாதை... ஒரு வெளிச்சம் இல்லை. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் றிக்சனின் ஓட்டோ நின்றுவிட்டது.

வின்சன்ட் அண்ணன் இதைச் சொன்னபோது எங்கள் ஒழுங்கையிலும் கரண்ட் இல்லை. ஒரு மெழுகுதிரியைச் சுற்றி ஐந்து பேர் நெருங்கி இருந்தோம். றிக்சன் அவருடைய கூட்டாளியின் தம்பி.

"மறிச்சது பேயோ, இல்லாட்டிப் பெற்றோல் முடிஞ்சதோ?" என்றாள் அஞ்சலினா அக்கா.

"பகிடி விடாமல் கேள். அவன் அண்டைக்குப் பேய்க்குப் பயப்பிடேல்லை. மணிக்கூட்டுக்குத்தான் பயந்தவன்."

றிக்சனின் மகள் நிலுஷாவுக்கு ஒன்பது வயது. நாலு வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு ஊசி. நித்திரையில் சீனி இறங்கினால் பிள்ளை எழும்பாமலே போய்விடும். அதனால் ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு விரலில் குத்தி மெஷினில் பார்க்க வேண்டும். தாய் குவைத்தில். ஐந்து வருஷமாக அதைச் செய்தவர் றிக்சனின் அம்மா, மாகிரட் மிஸ்ஸி.

ஆஸ்பத்திரியில் முப்பத்திநாலு வருஷம் நேர்ஸாக இருந்தவர். பென்ஷனுக்கு வந்த பிறகும், புண்ணுக்கு மருந்து கட்ட வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் இரண்டு மணிக்கு அவர் பேத்தியின் கட்டிலடியில்தான். அலாரம் வைத்ததே இல்லை.

அவர் செத்து நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் றிக்சனுக்கு ஒன்றும் சரிவரவில்லை. அலாரம் அடிக்கும், நித்திரையிலேயே நிறுத்திவிடுவான். குத்தினால் இரத்தம் வராது; திரும்பவும் குத்துவான். "அப்பம்மா குத்தினா நோகாது" என்று பிள்ளை அழும். கிளினிக்கில் டொக்டர் ஏசினார். சந்தையில் கண்டவர்கள் எல்லாம், "மிஸ்ஸி இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விட்டார்கள். அவன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அன்று பிள்ளையை நித்திரையாக்கி, கதவை வெளியே பூட்டிவிட்டு ஒரேயொரு ஹயருக்கென்று போனவன். அவன் ஏற்ற வேண்டிய ஆள் வந்த கொழும்பு பஸ், ஸ்டாண்டுக்குப் பிந்தித்தான் வந்தது.

இழுத்தான்... ஸ்டார்ட் வரவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். இழுத்தான்... வரவில்லை. போனில் சார்ஜ் இல்லை. ஓட்டோவுக்கு ஓர் உதை விட்டான். கால்தான் நொந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடத் தொடங்கினான்.

பாலத்தில் ஏறியபோது ஸ்பிரிட் மணத்தது. களப்புச் சேற்று மணத்துக்குள்ளே, ஊசி போடுமுன் பஞ்சில் வருமே, அந்தக் குளிர்ந்த மணம். பிறகு சத்தம்... ரப்பர் அடிச் சப்பாத்து. கீச்... கீச்... கீச். முன்னால் வெள்ளையாக ஓர் உருவம் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தது.

அந்த நடை அவனுக்குத் தெரியும்.

"அம்மா! நில்லுங்கோ!"

நிற்கவில்லை. அவன் ஓடுகிறான், அவர் நடக்கிறார். இடைவெளி குறையவே இல்லை. அவனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எனக்கு ஏலாதம்மா! எப்பிடிச் செய்யிறதெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்!"

திரும்பவில்லை. வளைவில் மறைந்துபோனார்.

அஞ்சலினா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வரும்போது இரண்டு இருபத்தைந்து. பூட்டு பூட்டியபடியே கிடந்தது. திறப்பு அவனுடைய பொக்கற்றில். மூன்றாம் தரம்தான் திறக்க முடிந்தது. நிலுஷா கட்டிலில் எழும்பி இருந்தாள். கையில் சீனித்தண்ணிக் கோப்பை.

"ஆரம்மா தந்தது?"

"அப்பம்மா."

"எனக்கு ஏதும் சொன்னவவா?"

"ஒண்டும் கதைக்கேல்லை. ரெண்டு தரம் குத்திப் பாத்தவ. நோகேல்லை."

மெஷினை எடுத்து, அதில் பதிந்திருந்த அளவுகளைப் பார்த்தான். இரண்டு மணி: நாற்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்... இரண்டு பதினைந்து: நூற்றிரண்டு. பிள்ளை தப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. இரண்டு பதினெட்டு: முந்நூற்றுப் பன்னிரண்டு.

மூன்று நிமிஷத்தில் பிள்ளைக்கு அவ்வளவு சீனி ஏறாது.

"மூண்டாந் தரமும் குத்தினவவா?"

"இல்லையப்பா. எனக்கு ரெண்டு தரந்தான்."

வின்சன்ட் அண்ணன் மெழுகுதிரிக்குக் கிட்டக் குனிந்தார். மெழுகுதிரி ஒருமுறை ஆடி நிமிர்ந்தது.

"ரெண்டு பதினெட்டுக்கு அவன் றோட்டில ஓடிக்கொண்டு வந்தவன்" என்றார். "வீட்டில பிள்ளையைத் தவிர வேற ஒருத்தருமில்லை."

"பிறகு?" என்றேன்.

றிக்சன் மெஷினைக் கீழே வைத்தானாம். அப்போதுதான் இடது கையில் ஏதோ ஈரம் பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மோதிர விரலில் ஊசி குத்திய ஒரு புள்ளி. அவனுக்கும் நோகவே இல்லை... அதில் ஒரு சொட்டு இரத்தம் அப்போதுதான் திரண்டு வந்துகொண்டிருந்தது.