மூன்றாம் வகுப்பில் மலை வேண்டாம்

ஹைதராபாத்தில், போலாரம் போகும் பஸ். என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். மூத்தவர் மடியில், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமான டிராயிங் பிளான்.

"மூணாவதுல மலையை எடுத்துடலாம் மிஸ்," என்றாள் இளையவள்.

"ஏம்மா?"

"ஒண்ணாவதுல ரெண்டு மலை, நடுவுல சூரியன். அஞ்சாவது வரைக்கும் அதையேதான் வரையுதுங்க. இங்க இருக்கறது பாறை. அதைப் பார்த்து வரையட்டுமே."

"ஹவ், சரிதான்," என்று அந்த ஊர்ப் பாணியில் ஆமோதித்தார் மூத்தவர். "ஆனா இன்னிக்கு பிளான் குடுக்கலைன்னா நம்ம பீரியட் மேத்ஸுக்குப் போயிடும். மாதிரிக்கு நீயே ஒண்ணு வரைஞ்சு வை."

பஸ் சிக்னலில் நின்றது. தூறலில் இரண்டு பாறைகள் நனைந்துகொண்டிருந்தன. இளையவள் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மூத்தவர் எட்டிப் பார்த்தார்.

"பாறை நல்லாருக்கு. நடுவுல சூரியன் எங்கேர்ந்தும்மா வந்துது?"

இளையவள் பைக்குள் ரப்பரைத் தேடினாள்.