மூன்றாவது வரியில் உடையும் குரல்

நான் டீ நன்றாகப் போடுவேன். கிதாரில் எனக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையே மேடையின் ஓரத்துக்கு வந்து, "ஓஸ்வால்ட் அண்ணா, போய் சாப்ட்டுட்டு வந்து வாசிங்களேன்" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதன் பிறகுதான் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களைப் பதிவு செய்யும் வேலைக்கு வந்தேன்.

நீங்கள் கேட்க வந்தது அது இல்லை, தெரியும். 'சயனைடு மேடு' ஆல்பம் வந்து பத்து வருஷம் ஆகிறது, பத்திரிகையில் எழுத வேண்டும், தலைப்புப் பாட்டின் மூன்றாவது வரியில் 'அப்பா' என்ற இடத்தில் குரல் இரண்டாகப் பிளக்கிறதே, அதை எப்படிப் பிடித்தீர்கள் என்கிறீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான்.

இதைப் பாடிய மௌரீன் தொண்ணூற்றெட்டில் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயலிலிருந்து வந்தாள். இருபது வயது. அப்பா ஞானசேகரன் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நுரையீரல் முழுக்கப் பாறைத் தூசி. இரண்டு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். அவள் எழுதிய பாட்டெல்லாம் அந்த ஊர்தான். ஷிஃப்ட் சைரன், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் மலை மாதிரி குவிந்து கிடக்கும் சயனைடு மேடு, அதில் சறுக்கி விளையாடிய பிள்ளைகள். அதையெல்லாம் கரகரக்கும் எலெக்ட்ரிக் கிதாரோடு, ராக்காகப் பாட வேண்டும் என்றாள். ஒரு கேசட் கம்பெனி, முதல் ஆல்பம் ஓடினால் இரண்டாவதும் போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. அந்தக் குரலைத் தவிர அவள் கையில் வேறு எதுவும் இல்லை.

"பெங்களூர்ல தமிழ் ராக்கா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடும்மா, கொஞ்சம் விட்டுக்குடு, ரெண்டு பாட்டாச்சும் இங்கிலீஷ்ல பாடு" என்றேன்.

"எங்கப்பாக்கு இங்கிலீஷ் தெரியாதே அங்கிள்."

சரி, எல்லாமே தமிழில் பாடு என்றேன். எனக்கு இளகின மனசு.

முதலில் எல்லாப் பாட்டையும் வெறும் கிதாரோடு ஒரு தடவை பாடவைத்துப் பதிவோம். அதற்கு கைடு என்று பெயர். அதை வைத்துக்கொண்டு மற்ற வாத்தியங்களைச் சேர்த்து, கடைசியில் நிஜக் குரலை எடுப்போம். கைடில் அவள் குரல் சுத்தமாக இருந்தது. துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி. ஊதுபத்தி விளம்பரத்துக்கு அந்த மாதிரி குரலை நான் தினமும் பதிகிறேன்.

பிறகு ஒரு மதியம். காலையெல்லாம் சைரன் பாட்டைக் கத்திப் பாடிக் களைத்துப்போய், சும்மா ஒத்திகைக்கு என்று தலைப்புப் பாட்டைத் தொட்டாள். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. அந்தப் பிளவுக்குள்ளே அவள் அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. என் கைமயிர் சிலிர்த்துவிட்டது. ஆயுசு முழுக்க என் கிதாரில் நான் தேடி, கிடைக்காமல் போனது அதுதான்.

பாடி முடித்ததும்தான் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததில் பதிவு பட்டனை அழுத்த மறந்திருக்கிறேன். முப்பது வருஷ அனுபவம்.

மறுநாள் தூங்கி எழுந்து புதுசாக வந்தாள். குரல் மறுபடியும் வெள்ளைச் சட்டை.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியுமா? கத்துகிற பாட்டுகளை எல்லா ஸ்டுடியோவிலும் கடைசியில்தான் வைப்பார்கள். நான் அவற்றைக் காலையில் வைத்தேன். மெஷின் சூடாகிறது என்று ஏ.சி.யைக் கூட்டினேன். நன்றாகப் பாடிய டேக்கைக்கூட, "ஏரோப்ளேன் சத்தம் விழுந்துடுச்சு கண்ணு, இன்னொரு வாட்டி" என்பேன். வெளியே இடி விழுந்தால்கூட எங்கள் ஸ்டுடியோவுக்குள் கேட்காது.

"இந்த பைலட்டுங்களுக்கு நம்ம மேல என்னா கோவம் அங்கிள்?"

"அவங்க எல்லாம் கன்னட சினிமா ரசிகருங்கம்மா."

சிரிப்பாள். மறுபடி பாடுவாள். சிரித்துக்கொண்டே பாடுகிறவளுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது.

சில நாளில், "தொண்டைல முள்ளு மாட்னாப்ல இருக்கு அங்கிள்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. இஞ்சி தட்டிப்போட்டு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு டம்ளர் உள்ளே போனதும் முகம் தெளிந்தது. "உங்க டீல என்னமோ இருக்கு" என்றாள். இருந்தாலும் வலி திரும்பத் திரும்ப வந்ததால் டாக்டர் ராதாவிடம் போனாள். அவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் படம் எடுத்தார். சாயங்காலம் வந்து முடிவைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். நான் டேக் வைத்திருந்ததால் அவள் போகவில்லை. அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் ஃபோனைப் பூட்டி வைப்பார்கள். அதனால் ஸ்டுடியோ நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

ஃபோனை நான்தான் எடுத்தேன்.

"மௌரீன் இருக்காங்களா?"

"உள்ள பாடிட்டிருக்காங்க மேடம்."

"பாடறாங்களா? மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. குரல் நாண்ல ரத்தம் கட்டியிருக்கு. ஒரு மாசம் பேசவே கூடாது. பாடினா குரல் மொத்தமா போயிடும், திரும்ப வராது. இன்னொண்ணு, ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை எதுவும் தொடக் கூடாது, ரத்தம் இன்னும் கசியும். மறக்காம சொல்லிடறீங்களா?"

"கண்டிப்பா சொல்றேன் மேடம்" என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் போய்க் கெடுக்கலாமா? பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். வெளியே வந்து, "யாரு அங்கிள் ஃபோன்ல?" என்றாள்.

"போர்வெல் விளம்பரம்மா."

"டாக்டர் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா சொல்ல மாட்டேனா கண்ணு?"

மறுநாள் மதியம் கிடைத்துவிட்டது. இந்தத் தடவை விளக்கு எரிந்தது. நீங்கள் கேட்ட அதே டேக்தான். மூன்றாவது வரியில் உடைந்து, கடைசி வரி வரை அந்தப் பிளவோடே போனாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். ஓகேவா என்று கையால் கேட்டாள். ஓகே என்று கட்டை விரலைக் காட்டினேன். அன்று இருவரும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனோம்.

ஆல்பம் ஓடியது. இரண்டாவது ஆல்பம் வரவில்லை. நான் சொன்ன வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. இப்போது பீன்யாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மெஷின் சத்தத்தில் அங்கே யாருக்குமே குரல் கிடையாது, அவளுக்கு வசதி.

போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு கேக்கோடு வந்திருந்தாள். காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கிறது. "சாரி அங்கிள். ரெண்டாவது ஆல்பம் நாம பண்ண முடியாமப் போச்சு. நாந்தான் தொண்டைய சரியாப் பாத்துக்கல" என்றாள். பரவாயில்லை என்றேன். அப்புறம், "அந்த கைடு இருக்கா அங்கிள்? என் பழைய குரல ஒரு வாட்டி கேக்கணும்" என்றாள்.

கைடு டேப்பை யாரும் எடுத்து வைப்பதில்லை. அடுத்த வேலையை அதன் மேலேயே பதிந்துவிடுவோம். அவளுடையதில் ஊதுபத்தி விளம்பரம் ஏறிவிட்டது. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

ஞானசேகரன் மூச்சு வாங்கி வாங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனி எங்க நெஞ்சப் பத்தி... ஒருநாள் கேட்டதில்ல சார். நீங்க எம்பொண்ணு தொண்டைக்கு... டீ போட்டுக் குடுத்தீங்களாம்."

நான் மறுக்கவில்லை. உண்மைதானே. அந்த டேக் எடுத்த அன்றும் போட்டுக் கொடுத்தேன், டாக்டர் சொன்னதற்குப் பிறகும். தினமும் இரண்டு ஆஸ்பிரினைப் பொடித்து அதில் கலந்தது அவளுக்குத் தெரியாது, சொன்னால் குடித்திருக்க மாட்டாள். பிள்ளைக்குக் கசக்கக் கூடாது என்று இஞ்சியும் சர்க்கரையும் ஒரு பங்கு கூடவே போடுவேன். பெத்தவங்ககூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள்.