சீமாட்டியின் நீலம்

எங்கள் கடையில் அதிகம் விற்பது நீலப் பட்டுக் கவுன் அணிந்த சீமாட்டிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கில ஓவியர் வரைந்தது. அடுத்தபடியாக, ஓக் மரமும் ஓடையும் மாடுகளும் இருக்கும் நிலக்காட்சி. நல்ல தாளில் அச்சிட்டு, சட்டம் போட்டு விற்கிறோம். பல் மருத்துவர்கள் விரும்பி வாங்குவார்கள்.

விளக்கைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

அச்சான படத்தை மூல நகலோடு வைத்து நிறம் பார்க்க, ஜன்னலில்லாத சிறு அறை உண்டு. பகல்வெளிச்சம் தரும் விளக்கு ஒன்றுதான் அங்கே எரியும். அதன் கீழே போட்டிருந்த நாற்காலி அண்ணனுடையது. சின்ன வயதிலேயே ஒரு கண் போனவர். இருந்தாலும் அப்பா, "நிறம் பார்க்க அவனோட ஒத்தைக் கண்ணு போதும். உனக்கு ரெண்டு இருந்து என்ன புண்ணியம்?" என்று சொல்லி, என்னைச் சட்டம் அடிக்க அனுப்பிவிட்டார். படத்தின் ஓரத்தில் பென்சிலால் 'சரி' என்று எழுதும் உரிமை அண்ணனுக்கு மட்டும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

ஒருநாள் அந்த விளக்கு பழுதானது. நான் வேறொன்று மாட்டினேன். பார்வைக்கு அதே வெள்ளை. ஆனால் அதன் கீழே ஒத்துப்போகும் நீலம் வெயிலில் ஒத்துப்போகாது. தெரிந்துதான் மாட்டினேன்.

அண்ணன் 'சரி' போட்ட சீமாட்டிகள் பச்சையடித்துத் திரும்பி வந்தார்கள். விளக்கு மாற்றுவது என் பொறுப்பு என்பதால் அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "டேய், என் கண்ணுதான் போச்சு போல" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட காட்டிடுங்கண்ணே" என்றேன்.

லேசான புரைதான், அவசரமில்லை என்றார் மருத்துவர். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "எடுத்துடலாமாடா?" என்று என்னைத்தான் கேட்டார். "உங்க இஷ்டம்ணே" என்றேன். அறுவைக்குப் பிறகு சீழ் பிடித்து, அந்த ஒற்றைக் கண்ணும் போயிற்று.

உடனே சரியான விளக்கை மாட்டிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நீங்கள் கேட்கலாம். வியாபாரம் நடக்க வேண்டுமே. நீங்கள் அலமாரியில் கண்டெடுத்தது கழற்றியதைத்தான். நன்றாக எரியும் விளக்கு, தூக்கிப்போட மனம் வரவில்லை. இப்போது 'சரி' எழுதுவது நான்.

அண்ணனைக் கைபிடித்துக் கடைக்கு அழைத்து வருவதும் நான்தான். தாளைத் தடவிக்கொண்டே கேட்பார்: "இப்ப நீலம் சரியா வருதாடா?"

"நீங்க அந்த நாற்காலிய விட்டதுலேர்ந்து ஒரு படமும் திரும்பி வரலண்ணே."

"அப்ப என் கண்ணுதான்" என்று தலை குனிந்துகொள்வார். பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அண்ணனிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.