கீழ் அறைக்கும் வைத்த பொட்டு

சந்தனம் குழைப்பதில் எனக்கு நல்ல கைப்பக்குவம் உண்டு, சார். கெட்டியாகவும் இருக்கக்கூடாது, வழியவும் கூடாது. இந்தத் தடவை கொஞ்சம் வழிய விட்டேன்.

சிரிக்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூசை கழிந்ததிலிருந்தே, தட்டாமாலை சுற்றி நின்ற பிள்ளை மாதிரி ஒரு கிறுகிறுப்பு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை இரண்டு. மாடியில் விண்டோஸ், அது என் பொறுப்பு. கீழே லினக்ஸ், அது ஹெப்ரான் பொறுப்பு. பிள்ளைகள் பென்டிரைவில் கொண்டுவரும் வைரஸ் என் மெஷின்களைத்தான் படுக்கவைக்கும். மாடிப்படியில் பார்த்தால் போதும், கேட்பான்.

"அண்ணாச்சி, ஒங்க வார்டுல இன்னைக்கு எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"ஒனக்கும் வரும்லே."

"இங்கன எல்லாரும் சௌக்கியம்."

நானும் சிரிப்பேன். நல்ல பையன்தான்.

புதுத் தாளாளர் கணேஷ்ராம் வந்தார். "ரெண்டு வகை எதுக்கு, ரெண்டு ஆள் எதுக்கு? பூசை லீவு முடியட்டும், கீழ உள்ளதையே மாடிக்கும் போட்டுருவோம்" என்றார். அப்படியென்றால் வேலை போய் நான் சொந்த ஊருக்கு, ஸ்ரீவைகுண்டத்துக்கு. அங்கே எனக்குத் தெரிந்த வேலை வாழைத்தார் சுமப்பது. அப்பா சுமந்து சுமந்து, ஒரு பக்கத் தோள் இறங்கியேதான் செத்தார். நானும் சுமந்தவன்தான். வாழைக்கறை சட்டையை விட்டுப் போகாது, சார். ஏசியில் உட்கார்ந்த பிறகு யார் திரும்பிப் போய்த் தார் தூக்குவார்கள்? நீங்கள் போவீர்களா?

ஹெப்ரான் வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன். ஆயுத பூசை அன்று சாவியை என் கையில் தந்துவிட்டான். "பொட்டு வைக்கது ஒங்க டிபார்ட்மென்ட். ஒண்ணையும் விட்றாதீங்க அண்ணாச்சி, கோவிச்சுக்கிடும்."

ஒன்றையும் விடவில்லை. உடைத்த தேங்காயின் தண்ணீரிலேயே சந்தனத்தைக் கரைத்து, காற்றுப் போகிற ஓட்டை வழியாக உள்ளேயே வைத்தேன். மெஷினுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று யார் கண்டது. தனியாக நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

மறுநாள் விஜயதசமி. அவனவன் பிழைக்கிற கருவியை அவனவன்தான் முதலில் தொட்டுத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். அதனால் ஹெப்ரான் வந்தான். கீழே எர்த் சரியில்லை, இரும்பு மேசையைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அதற்காகவே உள்ளேயும் ரப்பர் செருப்போடுதான் நிற்பான். எர்த் சங்கதியை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

"ஏலே, பூசை போட்ட இடம்லா. செருப்பைக் கழட்டுலே" என்றேன்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று பைய வாசலில் கழற்றி வைத்தான். ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையை மெஷினுக்கு நீட்டினான். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

தாளாளர் இரண்டு சாவியையும் என்னிடம் கொடுத்து, "இப்போதைக்கு ரெண்டையும் நீங்களே பாருங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எரிந்த மெஷினில் சந்தன வாசம் எப்படி என்று நீங்கள்தானே கேட்டீர்கள். அதுதான் இவ்வளவும். கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பொட்டு வைத்ததோடு சரி. சுவிட்சைப் போட்டது அவன்.