ஜரினா இருந்த வார்டு

மனநல வார்டுக்குள் வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் வார்டில் யாரும் பொத்தியதில்லை, ஐயா. சங்கரன்கோவிலில் எங்களுடையது சின்னத் தனியார் ஆஸ்பத்திரிதான். பெண்கள் வார்டுக்கு நான், சுந்தரபாய், பொறுப்பு சிஸ்டர். நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடாத வார்டு என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதில் பாதி ஜரினாவுக்குச் சேர வேண்டியது. அதை இந்த விசாரணையிலும் நான் மறைக்க மாட்டேன்.

ஜரினா கடையநல்லூர்ப் பெண். பிள்ளை இறந்தே பிறந்ததில் பேச்சு நின்று, சாப்பாடும் இறங்காமல் எங்களிடம் வந்தாள். மருந்து நன்றாகக் கேட்டது. பேச ஆரம்பித்தவள் மற்றவர்களையும் பேசவைத்தாள். யார் ஊட்டினாலும் துப்புகிற ராஜேஸ்வரி, இவள் ஊட்டினால் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பாள். அழுகிறவர்களின் முதுகைத் தடவிக்கொண்டே ஏதாவது கதை சொல்லுவாள். ஆயாக்கள் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் வேலையை விட்டபோதுகூட எனக்குக் கவலை வரவில்லை.

அப்போதுதான் டாக்டர், "ஜரினா நல்லாயிட்டா. வீட்டுக்கு அனுப்பிரலாம்" என்றார். காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அப்படிச் சொல்வது சுலபம். வார்டை யார் பார்ப்பது?

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம், ஜன்னலோரம் கிடந்த அவள் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவைத்தேன். சின்ன விளையாட்டு, அவ்வளவுதான்.

"சிஸ்டர், எங் கட்டில ஆரு மாத்துனா?"

"எப்பவும் இங்கனதான மக்கா கெடக்கு?"

சிரித்தாள். அப்புறம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வந்ததும் அவரிடமும் முறையிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வருத்தத்தோடு இல்லையென்று தலையை ஆட்டினேன். வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போனது; மாத்திரை கூடியது.

அடுத்த தடவை, துபாயிலிருந்து அவள் அண்ணன் நியாஸ் அகமது போன் பண்ணியதாகவும் வெள்ளிக்கிழமை கூட்டிப்போக வருவதாகவும் அவளிடம் சொன்னேன். அன்றைக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்தவள் பொழுது சாய்கிற வரை எழுந்திருக்கவில்லை. "போனா? ஆரும் பண்ணலையே மக்கா" என்று டாக்டர் முன்னால் நான் சொன்னபோது என் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நியாஸ் நிஜமாகவே வந்தது போன மாதம். "இப்பப் பாத்தா மிரண்டுருவா, அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க" என்று வாசலோடு அனுப்பிவைத்தேன். அவர் திரும்பிப் போகும்போது ஜரினா வராந்தாக் கம்பி வழியே பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஆனால் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இல்ல சிஸ்டர். அங்கன ஆரும் இல்ல. எனக்குத்தான் அப்படித் தெரியுது" என்று அவளே சொல்லிவிட்டு ராஜேஸ்வரிக்குச் சோறு ஊட்டப் போனாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நியாஸ் லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் டாக்டரைக் கூட்டிக்கொண்டு நேரே வார்டுக்குள் வந்துவிட்டார். "ஜரினா, நாந்தாம்மா" என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தொடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், அண்ணன் நெசமாவே நிக்காங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மத்தியானச் சாப்பாடு வந்திறங்கி, ராஜேஸ்வரி தட்டோடு காத்திருந்தாள்.

"இல்ல மக்கா" என்றேன்.

ஜரினா நிம்மதியாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் ஏன் அப்படிக் கத்தினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஐயா. ஊசியில்லாமல், கட்டிப்போடாமல், ஒரே சொல்லில் ஒரு நோயாளியை அமர்த்துகிற சிஸ்டர் அவருக்கு இனி எங்கே கிடைப்பாள்?